ஒன்றில் அனுப்பியது நான்கில் வரவேண்டும்

எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, ஹோலில் தொங்கும் மணிக்கூட்டைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

"ஒரு பாடத்துக்கு வேணுங்க சேர். ரெண்டு மணிக்கூடு இருந்தாத்தான் பாடம் நடக்கும். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

நான் கல்வித் திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அரசாங்கத்து மணிக்கூடு ஒன்றை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாற்றுவதென்றால் எத்தனை கையொப்பம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொந்த மணிக்கூட்டுக்கு மனைவியின் சம்மதம் மட்டும் போதும். ஆனால் அதைப் பெறுவதற்கு எழுத்தில் ஒரு நடைமுறையும் கிடையாது.

"கழட்டினால் சுவரிலை வட்டமாக் கறை தெரியும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். எனக்கு முழங்கால் சரியில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஏன் திரும்பவில்லை, இந்த ஹட்டன் குளிரில் ஏன் கிடக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கும் நான் முழங்காலைத்தான் காரணமாகச் சொல்வது. அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும்.

டீச்சரின் ஊர் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவர், இன்னும் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசைவீட்டு ஒற்றை அறையில்தான் இருக்கிறார். இவர் வெளிவாரியாகப் படித்துப் பௌதிகவியலில் பட்டம் எடுத்தவர். றொசல்லைக்குக் கிட்டவுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் பல வருடங்களாகத் தொண்டர் ஆசிரியர். தொண்டர் ஆசிரியர் என்றால், பாடம் எடுக்கும்போது ஆசிரியர், நியமனம் என்று கேட்கும்போது தொண்டர். காலையில் கோச்சியில் போய் மாலையில் கோச்சியில் வருவார். இங்கே ரயிலுக்கு அதுதான் பெயர்.

பட்டதாரிகளை ஆசிரியர்களாகச் சேர்ப்பதற்கு மாகாணம் வெகுகாலத்துக்குப் பிறகு விண்ணப்பம் கோரியிருந்தது. எழுத்துப் பரீட்சையில் டீச்சர் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது செயன்முறைப் பரீட்சை. விரும்பிய தலைப்பில் ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டவேண்டும். மூன்று பேர் கொண்ட ஒரு சபை மாணவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும்.

இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கமாட்டார்கள். விண்ணப்பித்தபோது டீச்சருக்கு முப்பத்தொன்பது. அதன் பிறகு விண்ணப்பம் கோரிய வர்த்தமானி அறிவித்தலில் ஏதோ குறை கண்டு அதை இரத்துச் செய்தார்கள். பல மாதம் சும்மா கிடந்துவிட்டு, புதிய முடிவுத் திகதியோடு திரும்ப வெளியிட்டார்கள். அதற்குள் அவருக்கு நாற்பது கடந்துவிட்டது. ஆனால் புதிய அறிவித்தலில் ஒரு வரி இருந்தது: முன்னர் விண்ணப்பித்தவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

அந்த வரியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, "பயப்பட ஒண்டுமில்லை. ஏற்றுக்கொண்ட விண்ணப்பம் ஏற்றுக்கொண்டதுதான். வயதும் அந்தத் திகதிக்குத்தான் கணக்கு," என்றேன். ஹட்டனில் பாதிப் பேர் ஓய்வூதியத்துக்கும் இடமாற்றத்துக்கும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் சொன்னால் அது சுற்றறிக்கை மாதிரி.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயதைப்பற்றிக் கவலை இருக்கவில்லை. தலைப்பைப்பற்றித்தான் இருந்தது.

"என்ன பாடம்?"

"சார்பியல்ங்க சேர். விசேட சார்பியல்."

நான் இப்படியான சபைகளில் பல வருடம் உட்கார்ந்தவன். பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதை என்னளவு கேட்டவன் இந்த மாகாணத்தில் இருக்கமாட்டான். அதற்கு அடுத்தது முகம் பார்க்கும் தளவாடியில் ஒளி தெறித்தல். சபைக்கு அவைதான் பிடிக்கும். நித்திரை தூங்கி எழும்பினாலும் பாடம் எங்கே நிற்கிறது என்று தெரியும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் சார்பியலைச் சொல்ல முயன்றவர்கள் பைத்தியமானார்கள் அல்லது பேராசிரியரானார்கள், இரண்டுக்கும் மாகாணத்தில் வெற்றிடம் இல்லை என்றேன்.

"சேர், பெருக்கத் தெரிஞ்சா போதுங்க. அப்புறம் பாதியாக்கத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம். அம்மா பிள்ளையா இருக்கட்டும், நீங்க சபையா இருங்க."

என் மனைவி சந்தோஷமாகப் பிள்ளையாக உட்கார்ந்தாள். கையில் பின்னல் ஊசி வேறு.

டீச்சர் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டினார். அதில் அடியிலிருந்து மேலே ஒரு நேர்க்கோடு. அதே அடியிலிருந்து வலப்பக்கம் சாய்ந்து ஏறும் இன்னொரு கோடு. நேராக நிற்பது றொசல்ல ஸ்டேஷனில் நிற்கும் அம்மா, அதாவது என் மனைவி. சாய்ந்து போவது கோச்சியில் போகும் டீச்சர். மேலே போகப் போக நேரம் ஆகிறது, வலப்பக்கம் போகப் போகத் தூரம் ஆகிறது. எங்கள் மணிக்கூட்டை மனைவியின் மடியில் வைத்தார். தன்னுடையதைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"கோச்சி உங்களத் தாண்டுற நேரம் ரெண்டு பேரும் மணிக்கூட்ட பூச்சியத்துல வச்சுக்கிறோம். சரிங்களாம்மா? ஒங்க மணிக்கூட்டுல ஒரு நிமிசம் ஆனதும் என்னப் பாத்து டோர்ச் அடிங்க."

மனைவி பின்னல் ஊசியால் டோர்ச் அடித்தாள். டீச்சர் அவளுடைய பையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுத்து, நேர்க்கோட்டில் 'ஒன்று' என்று எழுதிய இடத்தில் ஒரு குண்டூசியால் குத்தினார். நூலைச் சாய்வாக இழுத்து மற்றக் கோட்டைத் தொடும் இடத்தில் இன்னொரு குண்டூசி.

"வெளிச்சம் என்னயத் தொரத்திக்கிட்டு வருது. நான் போய்க்கிட்டே இருக்கேன். அதனால வந்து சேர நேரம் எடுக்கும். எங்கிட்ட வந்து சேர்றப்ப என் மணிக்கூட்டுல ரெண்டுன்னு வச்சுக்குவோம். ஒண்ணு ரெண்டாச்சு. வந்த உடனே நான் ஒங்களப் பாத்துத் திருப்பி டோர்ச் அடிக்கிறேன். நான் அடிச்சது ரெண்டுல. ஒங்ககிட்ட எப்ப வரும்?"

"நாலிலை," என்றாள் என் மனைவி.

"ஏன்?" என்று நான் சபையின் குரலில் கேட்டேன். "அது ஏன் நாலு? அவவின்ரை ஒண்டு உங்களுக்கு இரண்டானால், உங்கடை இரண்டு அவவுக்கு நாலாக வேணும் எண்டு ஆர் சொன்னது?"

டீச்சர் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போலத் திரும்பினார். "சேர், யார் நிக்கிறது, யார் போறதுன்னு சொல்ல முடியாதுங்க. அவங்க பார்வைக்கு நான் போறேன். என் பார்வைக்கு ஸ்டேஷன்தான் பின்னுக்குப் போவுது. வெளிச்சத்துக்கு யார் அனுப்புனாலும் ஒரே வேகம். அப்ப அவங்களுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்குன்னு இருக்க முடியாது. அவங்களுக்கு ரெட்டிப்புன்னா எனக்கும் ரெட்டிப்பு. அதாங்க முழுப் பாடமும். மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல்."

நூல் திரும்பி வந்து நேர்க்கோட்டில் 'நான்கு' என்ற இடத்தில் குத்தப்பட்டது.

"இப்ப அம்மா யோசிங்க. ஒண்ணுல அனுப்புனீங்க, நாலுல திரும்பி வந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் பாத்துக் கூப்புட்டா கொரல் திரும்பி வருமே, அந்த மாதிரி. போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம்னா, நடுவுல என்னைய எப்ப தொட்டுச்சு?"

"ஒண்டும் நாலும் அஞ்சு. பாதி இரண்டரை."

"ஒங்க கணக்குல ரெண்டரை. ஆனா என் மணிக்கூட்டுல?"

என் மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தாள். "இரண்டு," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இரண்டு!" என்றாள், பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று சொல்வதுபோல.

நான் கல்லூரியில் இதைச் சமன்பாடுகளாகப் படித்தவன். வர்க்கமூலம், அதற்குள் ஒன்றிலிருந்து கழிப்பது, எல்லாம் மனப்பாடம். எழுதிப் புள்ளியும் வாங்கினேன். இரண்டரையும் இரண்டும் ஒரே கணத்துக்கு உரியவை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சபை உறுப்பினர் அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது.

"அப்ப கோச்சி என்ன வேகத்திலை போகுது?"

"ஒளியோட வேகத்துல அஞ்சுல மூணு பங்குங்க சேர்."

"றொசல்லையிலிருந்து ஹட்டனுக்கா? ரோட்டாலை நடந்து போறவன் கோச்சிக்குக் கையைக் காட்டிப்போட்டு அதுக்கு முன்னாலை வந்து நிக்கிறான்."

"அத ரிப்பேர் பண்ணிட்டாங்கன்னு வச்சுக்குவோம் சேர்."

என் மனைவிக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "எந்த மணிக்கூடு பிள்ளை சரி?"

"ரெண்டும் சரிம்மா."

"இரண்டும் சரியெண்டால் இவருக்கு மத்தியானச் சாப்பாடு எத்தினை மணிக்குக் குடுக்கிறது?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். டீச்சர் நூலைச் சுற்றிக்கொண்டே, தன் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது நடந்ததைச் சொன்னார். பிள்ளைகள் பெருக்கலையும் பாதியாக்குவதையும் ஒரு கணத்தில் பிடித்துக்கொண்டார்களாம். ஆனால் யார் போகிறார், யார் நிற்கிறார் என்று சொல்ல முடியாது என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், எங்க அக்கா கொழும்புக்குப் போச்சு. நாங்க இங்கினதான் இருக்கோம். அது போச்சு, நாங்க நிக்கிறோம். இதுல என்னா சந்தேகம்?" என்று கேட்டதாம்.

"என்ன சொன்னியள்?"

"அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

நான் என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்தேன். பாடக் குறிப்பைப் படிவத்துக்கு ஏற்றபடி எழுதவைத்தேன். நோக்கங்கள் மூன்று, துணைச் சாதனங்கள், மதிப்பீடு. பாடத்திட்டத்தில் எந்த அலகோடு இது தொடுகிறது என்று கேட்டால் சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மூலப் பிரதிகளை வைக்கவேண்டிய ஒழுங்கு, கறுப்புக் கோப்பு, வெள்ளைச் சேலை. ஐந்து நிமிடம் முடியும்போது மணி அடித்தால் வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்திவிட வேண்டும், அதற்குத் தனிப் புள்ளி உண்டு என்றேன். அவர் ஒவ்வொரு மாலையும் கோச்சியால் வந்து முகம் கழுவிவிட்டு என் மனைவிக்குப் பாடம் எடுத்தார். வார முடிவில் என் மனைவியே அந்தப் பரீட்சைக்குப் போகக்கூடிய நிலையில் இருந்தாள்.

பரீட்சை நுவரெலியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில். நானும் கூடப் போனேன். பஸ் தலவாக்கலையைத் தாண்டியதும் மூடுபனி. டீச்சரின் மடியில் துணிப்பை, அதற்குள் இரண்டு மணிக்கூடும் டிக் டிக் என்று துடித்துக்கொண்டிருந்தன. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பொலிஸ் ஒன்றும் ஏறவில்லை.

மண்டப வாசலில் முதலில் ஆவணம் பார்க்கும் மேசை. அதைத் தாண்டினால்தான் சபை. மேசையில் இருந்தவர் என் கீழே எழுதுவினைஞராக வேலை பழகியவர், இப்போது நிர்வாக உத்தியோகத்தர். என்னைக் கண்டதும் எழும்பினார். "வாங்க சேர், வாங்க," என்று தன் கதிரையையே இழுத்துப் போட்டார். யாரையோ அனுப்பித் தேநீர் எடுப்பித்தார். அந்தத் தேநீரை நான் குடித்துக்கொண்டிருக்கும்போது டீச்சரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். ஒரு தாளில் திகதிகளை எழுதிக் கழித்தார். திரும்பவும் கழித்தார்.

"சேர், ஒரு சின்னப் பிரச்சினை."

அவர் சின்ன என்று சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சொல்லை அப்படிச் சொல்ல நான்தான் பழக்கியிருப்பேன்.

வயதைப் புதிய முடிவுத் திகதிக்குத்தான் கணக்கெடுக்கச் சொல்லி அவர்களுக்கு அறிவுறுத்தல். பழைய விண்ணப்பம் செல்லும். திரும்ப அனுப்பத் தேவையில்லை. ஆனால் வயது புதிய திகதிக்கு. நான் தேநீரை வைத்துவிட்டு என் வாதங்களைச் சொன்னேன். இரத்துச் செய்தது அவர்களுடைய குறை, விண்ணப்பதாரியின் குறை அல்ல. அழைப்புக் கடிதம் அனுப்பியதே தகுதியை ஏற்றுக்கொண்டதற்குச் சமம். ஆகக் குறைந்தது நிபந்தனையோடு பரீட்சைக்கு உள்ளே விடலாம், முடிவை நிறுத்தி வைக்கலாம். அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டார். சிலவற்றைக் குறித்தும் கொண்டார்.

"சேர்தானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, மேசையில இருக்கிறவன் யோசிக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பாக்கணும்னு. நான் இவங்கள உள்ள விட்டா நாளைக்கு இன்னும் நாப்பது பேரு வருவாங்க. ஒரு அப்பீல் போடுங்க சேர். சேருக்கு நாங்க சொல்லணுமா?"

அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், தேநீர் கொடுத்திருக்கமாட்டேன்.

டீச்சர் மேசையில் இருந்தவர் பக்கம் திரும்பினார். துணிப்பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "சேர், நான் போட்ட விண்ணப்பம் சரிதானே?"

"சரிதான் டீச்சர்."

"அத நான் போட்டப்ப எனக்கு முப்பத்தொம்பது. அது பிழையாகிருச்சாங்களா?"

"பிழையாகல டீச்சர். அதுவும் சரிதான். இதுவும் சரிதான்." அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆனா நாங்க இத வச்சுத்தான் பாப்போம்."

வெளியே கூரைக்குக் கீழே ஒரு நீண்ட மர வாங்கில் மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். நாங்களும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அதில் இருந்தோம். பக்கத்தில் ஓர் இளம் பெண், மடியில் தொட்டாற்சிணுங்கிச் செடியொன்றைச் சாடியோடு வைத்திருந்தார். டீச்சரின் பையைப் பார்த்து, "அக்கா, உள்ளுக்கு என்னா சத்தம்?" என்றார். டீச்சர் மணிக்கூட்டை எடுத்துக் காட்டினார். தாளை விரித்தார். நூல் சிக்கிப் போயிருந்தது, விரலாலேயே கோட்டைக் காட்டி ஒன்று, இரண்டு, நான்கு என்று சொன்னார். நேர்த்தியாகச் சொன்னார். ஐந்து நிமிடத்துக்கு முன்னமே முடித்துவிட்டார். அந்தப் பெண் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டதும் செடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகிற அவசரத்தில் இலைகள் எல்லாம் சுருங்கிவிட்டன. உள்ளே அந்தச் செடி என்னத்தைக் காட்டியிருக்கும் என்று தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அப்பீல்பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். பதிவுத் தபால், பிரதி யாருக்கு, எந்தப் பந்தியைச் சுட்டிக்காட்ட வேண்டும். எனக்கு வேறு என்ன பேசத் தெரியும்? பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. டீச்சர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு, "சரிங்க சேர், சரிங்க சேர்," என்றார். ஒருமுறை மட்டும் திரும்பி, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க சேர். என்னால ஏலாது," என்றார். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. நோர்வூட்டில் இருக்கும் அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்வது.

மனைவி கதவைத் திறந்தபோது எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். மணிக்கூட்டை வாங்கி அதே ஆணியில் மாட்டினாள். கறை மறைந்தது.

அப்பீலை நானே எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுதான் திறமானது என்று இப்போதும் சொல்வேன். எந்தப் பந்தியும் பாக்கி இல்லை. அதற்கு இன்னும் பதில் இல்லை. இதற்கிடையில் மற்றவர்களுக்கு நியமனங்கள் கொடுத்தார்கள். றொசல்லப் பாடசாலைக்கும் விஞ்ஞானத்துக்கு ஒருவர் வந்தார், இளம் பொடியன், நல்லவர். டீச்சர் தன் வகுப்புகளை அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழ் வகுப்புகளுக்கு இறங்கினார். அந்தப் பொடியன் கேட்டால் இவர் விளங்கப்படுத்துவாராம். பழையபடி கோச்சியில் போய் வருகிறார்.

போன கிழமை கோச்சி பிந்தி, இருட்டுப்படும் நேரத்தில் வந்தார். ஹோலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், அப்பீல் போன அவங்க ஆபீசில இப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாக, "கணக்குப் போட்டுச் சொல்லுங்கோவன். ஒண்டிலை அனுப்பியாச்சுத்தானே," என்றேன்.

"நாலு வரணுமே சேர். திரும்பி வந்தாத்தான் நடுவுல எப்ப தொட்டுச்சுன்னு சொல்லலாம். வரலேன்னா ஒண்ணுமே சொல்ல ஏலாது. எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னுகூடச் சொல்ல ஏலாது."

"பிள்ளை, தேத்தண்ணி ஆறுது," என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். டீச்சர் போய்விட்டார்.

நான் இருந்து நினைவூட்டல் கடிதம் ஒன்று எழுதினேன். நினைவூட்டல் ஒன்று போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். கோப்பை வெளியே எடுப்பார்கள், கடிதத்தைச் சேர்ப்பார்கள், புதிய திகதி போடுவார்கள், திகதிப்படி அடுக்கிலே எல்லாவற்றுக்கும் கீழே வைப்பார்கள். நினைவூட்டாவிட்டால் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

கடிதத்தை மடித்து உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டிவிட்டேன். இன்னும் மேசையில்தான் இருக்கிறது.